சித்தார்த் இறுக்காமல் விட்ட ஸ்க்ரூ

1

இந்தக் கதை ஒரு மழை நாளில் என் மனதில் கருக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு கேமராவின் பயனர் கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து வெளியே வர வழி தெரியாமல் இதற்குள் நுழைந்தேன்.

கையேடுகளைத் தமிழில் பெயர்ப்பது என் பிழைப்பு. மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. யாராவது என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினால் மறுக்க மாட்டேன். என் உரைநடை பல ஆயிரம் வீடுகளில் இருக்கிறது, மிக்ஸி டப்பாவுக்குள், உறை பிரிக்கப்படாமல்.

இந்த முறை வந்தது தெருவில் மாட்டும் கண்காணிப்புக் கேமரா. தானாகவே ஃபோகஸ் செய்துகொள்ளும் புது ரகம். ஆட்டோ ஃபோகஸ் என்பதை நான் ‘தன்னியக்கக் குவியம்’ என்று எழுதினேன். எழுதிய திருப்தியில் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள். தங்கவயலில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் குடியிருந்துகொண்டு சாம்பியன் ரீப்ஸ், மைசூர் மைன்ஸ் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பதினான்கு வருடமாகக் கேமரா மாட்டும் சித்தார்த்தைக் கூப்பிட்டேன்.

சித்தார்த்துக்கு முப்பத்தொன்பது வயது. ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, தாளைக் கையில் வாங்கி, வாய்விட்டுப் படித்தான்.

“குவியத்தை மீட்டமைக்க, குவியப் பொத்தானை மூன்று நொடிகள் அழுத்திப் பிடிக்கவும். இன்னா சார் இது, ஜாதகமா?”

“ஃபோகஸைத்தான் தமிழ்ல எழுதியிருக்கேன்.”

“நாங்க தமிழ்லயே ஃபோகஸ்னுதான் சார் சொல்லுவோம்.”

நாற்பத்தெட்டுப் பக்கத்தில் முப்பது பக்கத்தைப் பார்த்து முடித்தான். முப்பத்தொன்றில் ஒரு படம் இருந்தது: இடது பக்கம் மங்கலான மனிதன், வலது பக்கம் அதே மனிதன் தெளிவாக. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இது முன்னாடியே எங்க தெருவுக்கு வந்திருந்தா, ஆட்டோ ஓட்டுற ரவி அண்ணன நான் திருடன் ஆக்கியிருக்க மாட்டேன்” என்றான். பிறகு, “இல்ல. தப்பு. அப்பவும் வேற இன்னாத்தையாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன்.”

நான் பேனாவை மாற்றிப் பிடித்தேன். முப்பத்தொன்றாம் பக்கம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. (நிறுவனத்தார் இதைப் படித்தால்: அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.)

\* இந்தக் கதையில் இரண்டு ஆட்டோ வருகின்றன. ஒன்று லென்ஸுக்குள் இருப்பது, மற்றது மூன்று சக்கரத்தில் ஓடுவது. குழப்பமாகத்தான் இருக்கும். ‘தன்னியக்கக் குவியம்’ என்றே வைத்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது என்பதைச் சித்தார்த்துக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

2

தொடக்கம் அ:

சயனைட் மேட்டின் மீது மாலை வெயில் பொன்னாக உருகி வழிந்துகொண்டிருந்த —

நிறுத்துகிறேன். தங்கவயலைப் பற்றி எழுத உட்காரும் யாருக்கும் முதல் பத்து நிமிடம் வெயில் பொன்னாகத்தான் உருகும். அது ஒரு நோய். சுரங்கக் கழிவு குவிந்த அந்த மேட்டிலிருந்து உண்மையில் வருவது தூசி. லென்ஸில் படியும். அவசரப்பட்டுத் துடைத்தால் கீறல் விழும். கதைக்கு அவ்வளவு போதும்.

தொடக்கம் ஆ:

ஸ்கெலட்டன் என்று ஓர் இடத்துக்குப் பெயர் வைத்தவன் அங்கே எதைக் கண்டு —

வேண்டாம். எலும்புக்கூடு என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்து இரண்டு பக்கம் மர்மமாக ஓட்டலாம். ஓட்டியும் பார்த்தேன். சித்தார்த் படித்துவிட்டு, “அங்க பொறந்து வளந்த யாருக்கும் அந்தப் பேர்ல பயம் கெடையாது சார். பெங்களூர்ல அட்ரஸ் சொன்னா ஸ்பெல்லிங் கேப்பாங்க. அதான் ரோதன” என்றான். இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

தொடக்கம் இ:

சித்தார்த் ஏணியில் நின்றான்.

இது பரவாயில்லை. ஒருவரை ஏணியில் ஏற்றிவிட்டால் அவர் இறங்கும்வரை வாசகர் காத்திருப்பார் என்று நம்புகிறேன்.

3

சித்தார்த் ஏணியில் நின்றான். பகல் பன்னிரண்டு மணி. கம்பத்தின் உச்சியில் புதிதாக மாட்டிய கேமரா, எதிரே மோட்டார் ரூம். லைன் என்று சொல்லும் அந்த வரிசையில் இருக்கும் அறுபது வீட்டுக்கும் மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அந்த ஒற்றைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கீழே, தெருச் சங்கத்தின் தலைவர் நெடுஞ்செழியன் ஒரு சின்ன டிவியை ஸ்டூலில் வைத்து அதன் முன் குந்தியிருந்தார். சுரங்கத்தில் இருபத்து நாலு வருடம் வேலை பார்த்தவர். தன் கண் பார்வையில் அவருக்குப் பெருமை அதிகம்.

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது இது. தானாக ஃபோகஸ் ஆகும் கேமரா அப்போதே இருந்தது, ஆனால் அந்தச் சங்கத்தின் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. இவர்கள் வாங்கியதில் மேலே ஒருவன் லென்ஸின் வளையத்தைத் திருக வேண்டும், கீழே ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“வந்துச்சா தலைவரே?”

“இன்னும் கொஞ்சம். இன்னும். ஆங், தாண்டிடுச்சுபா.”

“இப்போ?”

“கதவு தெரியுது. தாழ்ப்பா தெரியுது. போதும், உட்டுடு.”

லென்ஸில் இரண்டு வளையம். ஒன்று பார்வையை விரித்துச் சுருக்கும். மற்றது தெளிவைக் கொண்டுவரும். இரண்டுக்கும் தனித்தனியாக மிளகு அளவில் ஒரு ஸ்க்ரூ. வளையம் சரியான இடத்துக்கு வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் கம்பம் ஆட ஆட, வளையம் மயிரிழை மயிரிழையாக நகர்ந்துகொண்டே போகும். சித்தார்த் முதல் ஸ்க்ரூவை இறுக்கினான். இரண்டாவதுக்குக் கை போனபோது போன் அடித்தது.

இந்த இடத்தில் நான் முதலில் எழுதியது:

மகள் தென்றலுக்குப் பள்ளிக்கூடத்தில் திடீர்க் காய்ச்சல். தகப்பனின் விரல்கள் நடுங்கின. ஏணியிலிருந்து —

“இன்னா சார் காய்ச்சல்?” என்றான் சித்தார்த். “என் பொண்ணு அன்னிக்கு நல்லாத்தான் இருந்தா. பிரியாணி சார்.”

“பிரியாணியா?”

“மைசூர் மைன்ஸ்ல கல்யாணம். மூணாவது பந்தி ஒக்காரப் போறாங்க, இப்ப வரலனா குஸ்காதான்னு மச்சான் போன் பண்ணான். அப்பால வந்து டைட் பண்ணிக்கலாம்னு எறங்கிட்டேன். வரல.”

“காய்ச்சல்னு இருந்தா வாசகர் உன்ன மன்னிச்சிடுவாங்க சித்தார்த்.”

“மன்னிக்க வேணாம். பிரியாணின்னே போடுங்க.”

பிரியாணி என்றே போட்டிருக்கிறேன். மட்டன். அதையும் சொல்லச் சொன்னான்.

4

திருட்டுப் போகும்வரை கண்காணிப்புக் கேமராவின் படத்தை யாரும் பார்ப்பதில்லை. நான்கு மாதம் வளையம் நகர்ந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் பெங்களூரில் இருக்க, வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட்டுப் படுத்திருக்க, யாரோ மோட்டார் ரூமின் பூட்டை உடைத்து மோட்டாரைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் சங்கத்தின் தகரக் கொட்டகையில் இருபது பேர் அந்தச் சின்ன டிவி முன்னால் கூடினார்கள். சித்தார்த் படத்தைப் பின்னால் ஓட்டினான். கதவில் ஓர் உருவம் நின்றது. காக்கி மாதிரி ஒரு நிறம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாவைக் கரைத்து ஊற்றியதுபோல ஒரு திட்டு.

“பெருசு பண்ணுபா. மொகம் தெரியட்டும்” என்றார் நெடுஞ்செழியன்.

“பெருசு பண்ணா மங்கல்தான் தலைவரே பெருசாகும்.”

“படத்துல எல்லாம் கம்ப்யூட்டரத் தட்டுனா தெரியுதே.”

“அது படம்.”

நெடுஞ்செழியன் டிவியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். “மாட்டுனப்போ தாழ்ப்பா வரைக்கும் தெரிஞ்சுது. நானே பார்த்தேன். இப்ப எப்பிடி மங்கிச்சு?”

இருபது பேரும் திரும்பினார்கள். சித்தார்த்துக்கு எந்த ஸ்க்ரூ என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ, “காக்கிச் சட்ட போல கீதே” என்றார்கள். இன்னொருவர், “நம்ம ஆட்டோ ரவிகுமார் ஒடம்பு வாகு” என்றார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் தண்ணீர் விடும் நேரத்தைப் பற்றி ரவிகுமார் இதே கொட்டகையில் நின்று நெடுஞ்செழியனைக் கண்டபடி பேசிவிட்டுப் போயிருந்தார்.

“நீ டெய்லி இதுலயே இருக்கறவன்” என்றார் நெடுஞ்செழியன். “உன் கண்ணுக்கு இன்னா தெரியுது?”

“ரவிணா மாதிரிதான் இருக்குது” என்றான் சித்தார்த்.

அதன் பிறகு படம் ஏன் மங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

5

சித்தார்த் சொன்ன அந்த இரண்டே சொல்லை எழுதும்போது, அது வந்து —

(எண்ணிப் பார்த்தேன், மூன்று சொல். எப்படியும் அந்த யோசனையைக் கைவிட்டேன். ஆழமாக ஏதோ சொல்லப் போனேன், நல்லவேளை.)

போலீசுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு புகார் நிற்காது என்று விட்டுவிட்டார்கள். புகார் கொடுத்திருந்தாலாவது ரவிகுமார் பதில் சொல்லியிருப்பார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவர் எதையும் மறுக்க முடியவில்லை. புது மோட்டார் வருவதற்குப் பதினொரு நாள் ஆனது. பதினொரு நாளும் குடத்தோடு பக்கத்து லைனுக்கு நடந்தவர்கள், ஒவ்வொரு நடைக்கும் ஒருமுறை ரவிகுமாரை நினைத்துக்கொண்டார்கள்.

ரவிகுமாரைப் பற்றி நான் உங்களிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் அவரை மகானாக்கியிருந்தேன். பிரசவ வலியில் துடிக்கும் பெண்களைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், மழையில் நனையும் நாய்க்குட்டிக்கு —

“ரவிணாவா?” என்று சித்தார்த் சிரித்தான். “மீட்டரே போட மாட்டாரு சார். மழ வந்தா டபுள் கேப்பாரு. வாய் வேற ஜாஸ்தி.”

மகானை அடித்துவிட்டேன். நாய்க்குட்டியையும். வாய் நீண்ட, மீட்டர் போடாத ஓர் ஆள் மோட்டாரைத் திருடவில்லை, அவ்வளவுதான் செய்தி. வாசகருக்கு அவர் மேல் பரிதாபம் வரவழைப்பது கஷ்டம். அந்தத் தெருவுக்கும் அதே கஷ்டம் இருந்தது.

ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விஷயத்தில் அவர் ஒரு நாள் தவறியதில்லை. தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் அவருடைய ஆட்டோவில்தான் போய்வந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கு, எப்போதும்போலத் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்த ஆறில் ஒன்று தென்றல், சித்தார்த்தின் மகள். நான்காம் வகுப்பு.

“இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே” என்று ஞாயிற்றுக்கிழமை இரவே சித்தார்த் மனைவியிடம் சொல்லிப் பார்த்தான்.

“நீங்கதான கண்ணால பார்த்துட்டு வந்து சொன்னீங்க?” என்றாள் ராதிகா. “அப்பறம் எப்பிடி நான் புள்ளைய அந்த ஆட்டோல ஏத்துறது?”

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அவனே மகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். வேறு வழி கிடையாது, தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெறும் ஆட்டோ நிற்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் தென்றல், “ரவி மாமா” என்று கையாட்டுவாள். ரவிகுமார் அவளுக்கு மட்டும் கையைத் தூக்குவார். சித்தார்த் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான்.

ரவிகுமாரின் மனைவி ஜெயம்மா குழாயடிக்கு, எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகே வர ஆரம்பித்தாள். ஒருமுறை சித்தார்த் எதிரே வந்தபோது குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டாள். அவன் நடந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தார்த் குடும்பத்தோடு புத்த விகாரைக்குப் போவான். எல்லோரோடும் சேர்ந்து ஐந்து சீலங்களையும் சொல்வான். பொய் பேசுவதில்லை என்கிற நான்காவது வரும்போது அவன் உதடு மட்டும் அசையும். பக்கத்தில் நின்ற தென்றல் ஒருநாள், “அப்பா, சத்தம் வரல” என்றாள்.

(இது நான் கற்பனையாகச் சேர்த்தது இல்லை. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் போனது. முதலில் எட்டு மாதம் என்று எழுதி வைத்திருந்தேன், படிக்கச் சுலபமாக இருக்கும் என்று. சித்தார்த் எண்ணைத் திருத்தினான்.

6

போன ஆவணி மாதம் சங்கம் புதுக் கேமரா வாங்கியது. நான் முப்பத்தொன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் அதே ரகம்.

அதை மாட்டக் கீழே ஆள் தேவைப்படவில்லை. சித்தார்த் கம்பத்தில் பொருத்திவிட்டு இறங்கி வந்து, போனில் ஒரு பொத்தானை அழுத்தினான். உள்ளே சின்ன மோட்டார் ஒன்று கிர் என்றது. படம் மங்கி, தெளிந்து, மறுபடி கொஞ்சம் மங்கி, சட்டென்று நின்றது. கதவு, தாழ்ப்பாள், தாழ்ப்பாளின் கீழே துருவின் கோடு.

கையேட்டைப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்த ரகத்துக்குச் சரியான இடம் எது என்று முன்கூட்டியே தெரியாது. லென்ஸை நகர்த்திக்கொண்டே போகும். கோடுகள் கூர்மையாகிக்கொண்டே வரும். ஓர் இடத்தில் கூர்மை குறைய ஆரம்பிக்கும். தாண்டிவிட்டோம் என்று அப்போதுதான் அதற்குப் புரியும், திரும்பி வரும். இன்னும் புதியவை இவ்வளவு தேடுவதில்லையாம், எதிரில் நிற்பது மனிதன் என்று கண்டுகொண்டு நேராக அவன் மேல் போய் நிற்குமாம். தூசி, மழைத்துளி, லென்ஸின் முன்னால் சிலந்தி கட்டிய வலை எதுவும் அதை ஏமாற்றாதாம். நான் பழைய ரகம். இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இரண்டு சிலந்தி வலைகளில் ஃபோகஸ் செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேமரா மனிதனைப் பிடிக்கிறதா என்று பார்க்க, சித்தார்த் தானே போய்க் கதவில் நின்றான். திரும்பி வந்து போனில் பார்த்தான். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. தலை, கதவின் மேல் தாழ்ப்பாளுக்குச் சரியாக வந்திருந்தது.

படத்தை மூடப் போனவன் மூடவில்லை. வீட்டுக்கு ஓடினான். பழைய படத்தை அழிக்காமல் வைத்திருந்தான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. ஓட்டினான். காக்கி உருவம் கதவில் நின்றது. முகம் அதே மாவுத் திட்டுதான். ஆனால் அந்தத் திட்டு, மேல் தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

ரவிகுமார் குள்ளம். சித்தார்த்தின் காது உயரத்துக்குத்தான் வருவார்.

மங்கினால் முகம் போகும், உயரம் போகாது. இத்தனை நாளும் அது அந்தப் படத்திலேயே இருந்திருக்கிறது. எல்லோரும் முகத்தையே தேடிக்கொண்டிருந்தார்கள். சித்தார்த் அதைக்கூடத் தேடவில்லை.

7

மறுநாள் மதியம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனான். ரவிகுமார் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் சித்தார்த் அவரிடம் பேசும் முதல் பேச்சு.

“ரவிணா, ஞாயித்துக்கெழம கொட்டாயில எல்லாரும் வருவாங்க. நீங்க சும்மா அந்த மோட்டார் ரூம் கதவாண்ட நின்னா போதும். கேமராவே சொல்லிடும்.”

“இன்னா சொல்லும்?”

“அது நீங்க இல்லனு. ஒயரம் ஒத்து வரல. நேத்துதான் பார்த்தேன்.”

ரவிகுமார் துணியைப் பிழிந்தார். “நான் இல்லனு எனக்குத் தெரியாதா?”

“இல்லணா, எல்லாருக்கும் தெரியணும்ல. அஞ்சே நிமிசம்.”

“நான் எதுக்கு நிக்கணும்? என் தலைய அளந்து பாத்து அவனுங்க உண்டு இல்லனு சொல்லுவானுங்க. அதுக்கு நான் நிக்கணும்.”

“வேற எப்பிடிணா புரூவ் பண்றது?”

“கேமரா என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லல சித்தார்த்து. தனக்குத் தெரியலனு ஒழுங்கா மங்கலா காட்டிச்சு. சொன்னது நீ.”

ஒரு பெண்மணி வந்து ஆண்டர்சன்பேட்டை என்றார். ரவிகுமார் துணியை சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சித்தார்த் அங்கேயே நின்றான். உயரத்தைக் கண்டுபிடித்ததில் அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. கேமரா ரவிகுமாரை விடுவித்துவிட்டால், ஸ்க்ரூவைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இங்கே கதையை முடித்துவிடலாமா என்று யோசித்தேன். நடு ரோட்டில் தனியாக நிற்கும் மனிதன், தூரத்தில் ரயில் சத்தம். இலக்கியமாக இருக்கும். சித்தார்த்திடம் சொன்னேன்.

“நான் அதுக்கப்பறம் போய்ப் பேசுனேனே சார். அத உட்டுட்டீங்கனா நான் பேசலனு ஆயிடுமே.”

நியாயம்தான்.

8

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். புதுக் கேமராவுக்கு மாலை போட்டிருந்தார்கள். கம்பத்தில் ஏறி மாலை போட முடியாததால் அட்டைப் பெட்டிக்குப் போட்டிருந்தார்கள். நெடுஞ்செழியன் நாலு வார்த்தை பேசச் சொன்னார். சித்தார்த் எழுந்தான். ராதிகா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் அவன் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரவிகுமார் வரவில்லை. ஜெயம்மா வாசலில், உள்ளே வராமல் நின்றிருந்தாள்.

“பழைய கேமரா ரிப்பேர் இல்ல” என்றான் சித்தார்த். “மாட்டுன அன்னிக்கு ஒரு ஸ்க்ரூவ நான் டைட் பண்ணல. கல்யாணத்துல சாப்புடப் போயிட்டேன். அதனாலதான் மங்கிச்சு. தலைவர் கேட்டப்போ எனக்கு அது தெரியும். எங்க என்னக் கேக்கப் போறீங்களோனு ரவிணா மாதிரி இருக்குதுனு சொல்லிட்டேன். எனக்கு அந்தப் படத்துல யாரும் தெரியல. அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல. நான் சொன்னது பொய்.”

உயரக் கணக்கைப் பற்றி அவன் பேசவில்லை. பேசக் கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தான்.

நெடுஞ்செழியன் மாலை போட்ட பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“அப்போ தூக்குனது யாரு?”

“தெரியாது தலைவரே.”

“நானும்தான் அது அவன்னு பார்த்தேன். என் கண்ணுக்கும் அவனாட்டமே தெரிஞ்சுது” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இனி ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்று சித்தார்த் நினைத்தான். நானும் அப்படித்தான் எதிர்பார்த்து, ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தேன்.

“இந்தப் புதுசுலயாவது எல்லா ஸ்க்ரூவையும் டைட் பண்ணிட்டியா?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். சித்தார்த், “பண்ணிட்டேன்” என்றான். அவன் உட்கார்ந்தபோது வாசலைப் பார்த்தான். ஜெயம்மா போய்விட்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ராதிகா தென்றலின் பள்ளிப் பையை எடுத்துத் துடைத்து, கதவுப் பக்கத்தில் வைத்தாள். “நாளைக்கு ஸ்கூட்டர் எடுக்க வேணாம்” என்றாள்.

9

மோட்டாரைத் தூக்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. ஒரு நெட்டையனை உருவாக்கிப் பார்த்தேன், பெயர்கூட வைத்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவரைப் போதிய தகவல் இல்லாமல் திருடனாக்குகிறேன் என்று உறைத்ததும் அவரை அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததைச் சித்தார்த் எனக்குச் சொல்லவில்லை, காட்டினான். புதுக் கேமராவின் ஓரத்தில் தெருமுனையும் விழுகிறது. நேரம் ஏழு நாற்பது. ஆட்டோ நிற்கிறது. சித்தார்த் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறான். அவ்வளவு தெளிவு. தென்றலின் பின்னலில் ஒரு ரிப்பன் அவிழ்ந்திருப்பது தெரிகிறது. ரவிகுமாரின் சட்டைக் காலர் நைந்திருப்பது தெரிகிறது. சித்தார்த் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். ரவிகுமார் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்கிறார். நான்கு வினாடி. சித்தார்த் தலையைக் குனிந்துகொள்கிறான். தென்றல் ஏறி உட்காருகிறாள். வண்டி போய்விடுகிறது. சித்தார்த் அதற்குப் பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்கிறான்.

அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை.

இந்தக் கேமராவில் மைக் கிடையாது.

“இன்னா சொன்னாரு?” என்று சித்தார்த்திடம் கேட்டேன்.

“அத எழுதாதீங்க சார்.”

ஒருநாள் வேண்டுமென்றே ரவிகுமாரின் ஆட்டோவில் ஏறினேன். சுற்றி வளைத்து, அன்று காலை என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எங்க எறங்கணும்?” என்றார்.

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

“ஏத்து, நேரமாவுது.” இது இரண்டு வினாடிதான் வருகிறது.

“உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனக்காத, புள்ளைக்காகத்தான்.” சித்தார்த் படித்துவிட்டு, மன்னிப்பு என்ற வார்த்தையை ரவிகுமார் ஜென்மத்தில் சொன்னதில்லை என்றான்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் மனிதம், காலம், காயம் மூன்றும் வந்தன. வாய்விட்டுப் படித்ததில் பத்தொன்பது வினாடி ஆனது. என் மனைவி நளினி அடுத்த அறையிலிருந்து, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

அதனால் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

“..............................” என்றார் ரவிகுமார்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வினாடிக்குள் இருக்கட்டும். கேட்டதும் ஒருவன் தலையைக் குனிய வேண்டும், ஒரு பெண் பிள்ளை பயப்படாமல் ஏறி உட்கார வேண்டும். அழகாக இருக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடுவார்கள்.